உங்களுக்குத் தெரியுமா? இரகசியத்துக்கும் ஓர் எல்லை உண்டு

நோயாளி அந்தரங்கமாகச் சொன்னதை வைத்தியர் வெளியிடலாகாது என்பது நெடுங்காலத்துத் தொழில் தர்மமே ஆயினும், போக்சோ என்று வழங்கும் 2012ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததென்று அறிந்தவர் யாராயினும், நேரக்கூடுமென்று அஞ்சுபவராயினும், அதனைப் போலீஸாருக்கு அறிவித்தே தீரவேண்டுமென்று விதிக்கிறது.

அறிந்தும் மௌனம் சாதித்தவருக்கு 6 மாதம் வரை சிறைவாசமோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்லெண்ணத்துடன் அறிவித்தவருக்கோ சட்டமே பாதுகாப்பு.

எனினும், இசைவான உறவினால் கருவுற்ற மைனர் பெண் கருக்கலைப்பை நாடி வருமிடத்து, அவளும் அவளுடைய பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால், அவ்வறிவிப்பில் அவளது அடையாளத்தை வைத்தியர் தெரிவிக்க வேண்டியதில்லையென்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.