சினைப் பாம்பை அறிந்துகொள்வோம்

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. படையே நடுங்கும்போது பள்ளி மாணவி நடுங்குவதில் வியப்பில்லை. நானும் நடுங்கியவளே. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தாத்தாவின் மணிலாக் கொல்லையில் கண்ட காட்சிதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

வரப்போரம் ஆறடி நீளச் சாரை ஒன்று மெல்ல ஊர்ந்து சென்றது. அதன் உடல் பருத்திருந்தது. "பெரிய எலியை முழுங்கிட்டு ஓட முடியாம கெடக்குது" என்று சொல்லி இருவர் தடியால் அடித்துக் கொன்றுவிட்டனர். தோல் கிழிந்து வெளியே வந்தது எலியன்று, வெண்ணிற முட்டைகள். எண்ணினோம், 11 இருந்தன. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவ்வழியே வந்த இருளர் பெரியவர் ஒருவர், "செனப் பாம்பும்மா இது. இரைன்னா நடுவுல முட்டிக்கிட்டு நிக்கும். இது பின்னாடி பருத்திருக்குது பாரு" என்றார்.

பள்ளி திறந்ததும் அவர் சொன்னதைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தேன். விலங்கியல் ஆசிரியையிடமும் கேட்டேன். தோழியரே, நான் அறிந்தவற்றை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

முட்டையும் குட்டியும்

எல்லாப் பாம்பும் முட்டையிடும் என்றே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. சாரை, நல்லபாம்பு, கட்டுவிரியன், மலைப்பாம்பு ஆகியவை முட்டையிடுகின்றன. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளிப் பாம்பு, பச்சைப் பாம்பு ஆகியவை குட்டிகளை ஈனுகின்றன. கண்ணாடி விரியன் ஒரே ஈற்றில் 20, 30 குட்டிகள் போடுவது வழக்கம். அதற்கு மேலும் உண்டு. விரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே நஞ்சு இருக்கும்.

"சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் பிணையும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். இதுவும் தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் ஆணும் பெண்ணும் உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து தலைதூக்கி ஆடுவதாக நாம் காண்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மற்போரே.

சினையின் அடையாளங்கள்

முதல் அடையாளம் பருமன் இருக்கும் இடம். பாம்பின் இரைப்பை உடலின் நடுப்பகுதியில் உள்ளது. விழுங்கிய இரை அங்கே ஒரே முடிச்சாகத் தெரிந்து, சில நாள்களில் செரித்து மறைந்துவிடும். முட்டைகளோ உடலின் பின்பாதியில் வரிசையாக வளர்கின்றன. ஆகவே சினைப் பாம்பின் பருமன் பின்னால் நீண்டு, வால் தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒடுங்கும். நாளாக நாளாக அது குறையாமல் கூடும். தோல் விரிவதால் செதில்களுக்கு இடையே இடைவெளி தெரியும்.

இரண்டாவது அடையாளம் அதன் நடத்தை. வயிற்றில் இடமில்லாததால் சினைப் பாம்பு இரையை மறுக்கும். கருவின் வளர்ச்சிக்கு வெப்பம் தேவை. எனவே நெடுநேரம் வெயில் காயும். மலைப்பாம்பு சில வேளை வயிற்றுப் பக்கத்தை மேலே திருப்பிக்கொண்டு கிடப்பதும் உண்டு.

மூன்றாவது அடையாளம் சட்டை உரித்தல். முட்டையிடும் இனங்கள் பலவற்றில் தாய் முட்டையிடுவதற்கு முன் ஒருமுறை சட்டை உரிக்கும். அமெரிக்கர் வீடுகளில் வளர்க்கும் சோளப் பாம்பு அதற்குப்பின் ஏறக்குறைய 10 நாளிலும், பந்து மலைப்பாம்பு ஏறக்குறைய 30 நாளிலும் முட்டையிடுகின்றன. அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஈரப்பாசி நிரப்பிய பெட்டியை வளர்ப்போர் ஆயத்தம் செய்வார்கள். இட்ட முட்டையை அவர்கள் புரட்டுவதில்லை. கரு ஓட்டின் உட்புறம் ஒட்டி வளர்வதால், புரட்டினால் அது இறந்துபோகலாம்.

தாய்மையிலும் வேறுபாடு உண்டு. மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைத் துடிக்கச் செய்து வெப்பமூட்டி அடைகாக்கிறது. நல்லபாம்பு முட்டைகளின் அருகே காவல் இருக்கும்.

வளர்க்கலாமா?

"அப்படியானால் ஒன்றை வளர்க்கலாமே" என்று கேட்கலாம். கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் காடு கழனிகளில் வாழும் பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். வளர்ப்பதால் வரும் தீங்குக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலமே சான்று. செல்லப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகி, சிறு விலங்குகளைத் தின்று தீர்க்கின்றன. 2022இல் அங்கே ஆய்வாளர்கள் அறிவித்த ஒரு பெண் பாம்பின் எடை ஏறத்தாழ 97 கிலோ. அதன் வயிற்றில் 122 முட்டைகள் உருவாகிக்கொண்டிருந்தன!

இந்தப் பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் அமெரிக்கர் அழைத்தது யாரை? நம் தமிழ்நாட்டு இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை! இரண்டு வாரத்துக்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்ட பின், 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில் அவர்கள் பாம்பின் நஞ்சை எடுத்து, நச்சுமுறி மருந்து செய்யக் கொடுக்கிறார்கள். பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் அண்ணாமலையின் அடிவாரப் புதரிலும், வயலிலும், கொல்லையிலும் பாம்புகள் உண்டு. நெல்லையும் மணிலாவையும் அழிக்கும் எலிகளை உண்டு உழவருக்கு உதவுகின்றன. பாம்பைக் கண்டால் தொலைவில் நின்றே பாருங்கள். தொடவோ பிடிக்கவோ முயலாதீர்கள். சினையாயிருந்தாலும் நச்சுப்பாம்பு கடிக்கவே செய்யும். வழிவிட்டால் அது தானே போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடிபட்டவரை மந்திரம், பச்சிலை என்று காலம் கடத்தாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பருத்த பாம்பை எல்லோரும் "இரை தின்றது" என்றுதான் சொல்வார்கள். அந்த நேரம் நீங்கள், "பின்பக்கம் பாருங்கள், சினையாக இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்று எங்கள் கொல்லையில் அதைச் சொல்ல ஒருவர் இருந்தார். ஆனால் அவர் வருவதற்குள் அடி விழுந்துவிட்டது.

இந்த ஆண்டு விடுமுறைக்கு நான் போகும்போது கொல்லைக்கு முதல் ஆளாகப் போவேன்.