கப்பன் பூங்காவில் ஒரு சுற்று

பெங்களூரில் அதிகாலை ஐந்தரை மணிக்குக் கப்பன் பூங்காவின் பக்கம் செல்கிறவர்கள், மூங்கில் புதர்களின் அடியில் இருட்டு இன்னும் கலையாமல் இருக்கும் அந்த வேளையிலேயே, இளைஞரும் முதியவரும், உத்தியோகஸ்தரும் மாணவரும், மழலை பேசும் பேரனை வீட்டில் தூங்கவிட்டு வந்த பாட்டிமாரும் பூங்காவைச் சுற்றி நடந்தும் ஓடியும் வருவதைக் காணலாம். இவர்களில் ஓடுகிறவர்கள் எல்லாருமே பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் அல்லர். கூட வருகிறவரோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டே போகக்கூடிய நிதானமான ஓட்டம் இது. மெல்லோட்டம் என்றும் ஜாகிங் என்றும் சொல்கிறோம்.

நடுத்தர வயதினரும் ஓடலாம் என்ற எண்ணம் பரவியது வெகு காலத்துக்கு முன் அன்று. நியூஸிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் சாதாரண ஜனங்களை மெதுவாக ஓட வைத்ததை 1962-இல் அங்கே சென்று பார்த்த பில் பவர்மன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், ஊர் திரும்பி, ஓர் இருதய மருத்துவருடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட சிறு புத்தகம் அதை அமெரிக்காவில் பரவச் செய்தது. வேகமாக ஓடினால் சீக்கிரம் களைத்து நின்றுவிடுகிற அதே மனிதர், வேகத்தைக் குறைத்துக்கொண்டால் அரை மணி நேரம் ஓடுகிறார்; அந்த நீடித்த, மிதமான பிரயாசையினால் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக ரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷம் மிதமான தேகப்பயிற்சியோ, எழுபத்தைந்து நிமிஷம் கடுமையான பயிற்சியோ வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதை, வாரத்தில் நாலைந்து காலைகள் பூங்காவுக்கு வருகிறவர் கணக்குப் பார்க்காமலே நிறைவேற்றிவிடுகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் ஓடி இரண்டு நிமிஷம் நடப்பதே உசிதம். முழங்கால் வலி உள்ளவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்ட பிறகு ஓடட்டும்.

மெல்லோட்டத்துக்குப் பெங்களூர் வாய்ப்பான ஊர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையில் விடியும்போதே உடம்பு வியர்க்கிற சித்திரை மாதத்திலும் இங்கே காலையில் இதமாக இருக்கிறது. ஆனால் சீதோஷ்ணம் மட்டும் போதாது. மண் வேண்டும், மரம் வேண்டும், குறுக்கே சாலை வராத வழி வேண்டும். 1870-இல் மைசூர் கமிஷனர் பொறுப்பில் இருந்த ஸர் ஜான் மீட் காலத்தில், பிரதம எஞ்சினீயர் ரிச்சர்ட் ஸாங்கி வகுத்த இந்தப் பூங்கா, ஓடுவதற்கென்று அமைக்கப்பட்டது அன்று. காலாற உலாவ அமைந்தது. பிற்பாடு ஏற்பட்ட விஸ்தரிப்புகளால் அது முந்நூறு ஏக்கர் அளவுக்குப் பெருகியது.

விக்டோரியா மகாராணி சிலையருகே புறப்பட்டு, வாத்திய மேடையைக் கடந்து, அட்டாரா கச்சேரி என்று ஊரார் இன்றும் சொல்லும் செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடத்தின் பின்புறமாக வளைந்து, மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சேஷாத்ரி ஐயரின் நினைவாக 1915-இல் எழுந்த மண்டபத்தை, அதாவது இன்றைய மத்திய நூலகத்தை, சுற்றிக்கொண்டு, கஸ்தூரிபா சாலையோரத்து அருங்காட்சியகத்தின் பக்கமாகத் திரும்பினால் ஒரு சுற்று முடிகிறது. இடையில் மரவேர்கள் மண்ணுக்கு மேலே எழும்பியிருக்கும் இடங்களில் கண் தரையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் எப்போதும் சுற்றுகிறவர்கள் இடையிடையே திசை மாற்றி ஓடினால் ஒரு காலுக்கே பாரம் சேராமல் இருக்கும்.

பூங்காவை அடுத்துள்ள கண்டீரவ விளையாட்டரங்கம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரியாக இருந்த நிலத்தில் நிற்கிறது. அந்த ஏரியின் கரைகளிலும் படுகையிலும் கறிகாய் பயிரிட்டவர்களில் முக்கியமானவர்கள், தமிழ்ப் பூர்விகமுள்ள திகளர் சமூகத்தார். தோட்டக்கலையில் பேர் பெற்றவர்கள். சைத்ர மாதப் பௌர்ணமியில் நடக்கும் கரக உற்சவத்தை இன்றும் நடத்துகிறவர்கள். அந்த உற்சவச் சடங்கை முன்னிட்டு ஏரியில் சிறு பகுதி மட்டும் நீர்நிலையாக விடப்பட்டிருக்கிறது. ஓடுதளம் கிடைத்தது நல்லதே. எனினும் ஏரி போனதற்கு அது ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தெற்கே லால்பாக்கில் ஓடுகிறவர்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தின் பாறைக்குன்று சுமார் முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ளது. ஓடி முடித்த கையோடு அதன் மேலே ஏறி, ஊரை நிறுவிய கெம்பே கௌடர் பெயரைச் சொல்லும் கோபுரத்தின் அடியில் இளைப்பாறுகிறவர்கள் பலர். வடக்கே 1882-இல் வெட்டப்பட்ட ஸாங்கி ஏரியின் கரையில் நீர்க்காற்றோடு ஓடலாம். சுற்று சிறியதாகையால் புதியவர்களுக்கு அதுவே தோது.

இந்த இடங்கள் தாமாக நிலைத்துவிடவில்லை. 1975-இல் இயற்றப்பட்ட கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் கப்பன் பூங்காவுக்கும் லால்பாக்குக்கும் அரணாக இருக்கிறது. அந்த அரணிலிருந்தே கப்பன் பூங்காவின் ஒரு பகுதியை விலக்க 1998-இல் அரசு முற்பட்டபோது, நகரவாசிகள் வீதிக்கு வந்து ஆட்சேபித்தார்கள். இன்றைய இடையூறு வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவின் உட்சாலைகளில் வாகனங்களுக்கு இடமில்லாததால் குழந்தைகள் நடுச்சாலையில் சைக்கிள் விடுகிறார்கள், வயோதிகர்கள் பின்னால் திரும்பிப் பாராமல் ஓடுகிறார்கள். மற்ற நாட்களில் பொழுது ஏறியதும் நகரத்தின் கார்கள் குறுக்குவழி தேடி இந்த மரங்களுக்கிடையே நுழைகின்றன. ஞாயிற்றுக்கிழமையின் சௌகரியத்தை வாரம் முழுவதுக்கும் விரிக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பூங்காவின் பெயரையே தாங்கிய மெட்ரோ ரயில் நிலையம் அதன் ஓரத்திலேயே வந்துவிட்ட பிறகு, நீதிமன்றத்துக்கும் நூலகத்துக்கும் செல்கிறவர்கள் அங்கே இறங்கி, நிழலில் நடந்து போகலாமே.