11 வரி செய்த அமர்க்களம்

பேரேடு எழுதும் கணக்குப்பிள்ளை எண்களை வலப்பக்கம் ஒரே நேராக நிறுத்துவார். 700-க்குக் கீழே 7 வந்தால் அதற்கு முன்னால் இடம் விடுவார். கம்ப்யூட்டரில் இந்த எடுபிடி வேலையைச் செய்தது 'லெப்ட்-பேட்' என்ற புரோகிராம். மொத்தம் 11 வரி! எழுதியவர் அசர் கோச்சுலு. காசு வாங்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று 'என்.பி.எம்.' என்ற பொதுக் கிடங்கில் போட்டு வைத்தார்.

அங்கே 'கிக்' என்ற பெயரிலும் அவருடைய சரக்கு ஒன்று இருந்தது. அதே பெயருள்ள கானடா கம்பெனி, பெயரை விட்டுக்கொடுக்கும்படி கேட்டது. அவர் மறுத்தார். கிடங்குக்காரர்கள் கம்பெனி பக்கம் சாய்ந்தார்கள். வந்ததே கோபம்! 2016 மார்ச் 22-ந் தேதி தம்முடைய 273 சரக்குகளையும் மூட்டை கட்டிவிட்டார்.

உடனே உலகின் பல மூலைகளில் புரோகிராம் வேலை முடங்கிற்று. 'பேபல்' என்ற பிரபல சாதனம் வரி எண் போடும் வேறொரு புரோகிராமை நம்பியிருந்தது. அது இந்த 11 வரியை நம்பியிருந்தது. தவித்தவர்களில் பலருக்கு லெப்ட்-பேட் தங்களிடம் இருப்பதே தெரியாது!

எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை. சுமார் இரண்டரை மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே பழைய பிரதியை வைத்தார்கள். சட்டப்படி குற்றமில்லைதான், எவரும் எப்படியும் உபயோகிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவர் அவரே. ஆனாலும் சம்பளமில்லாமல் உழைத்தவருக்குத் தம் சரக்கின்மேல் அவ்வளவுதானா பாத்தியதை?

பிறகு, பிறர் நம்பியிருக்கும் சரக்கை நினைத்தபோது நீக்க முடியாதபடி விதியை மாற்றினார்கள். 2017-ல் இடம் விடும் அந்த வேலை ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்ந்துவிட்டது.