கண்ணை ஒட்டியிருக்கும் ஸ்மார்ட் கண்ணாடியில் எழுத்து தெளிவாகத் தெரிவது எப்படி?

புத்தகத்தை மூக்கருகே கொண்டுவந்தால் எழுத்து மங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் இருப்பதைக் கண்ணால் குவித்துப் பார்க்க முடியாது. ஸ்மார்ட் கண்ணாடியோ கண்ணிலிருந்து ஓரிரு செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு எப்படி?

இரவில் பேருந்தின் ஜன்னல் கண்ணாடியைக் கவனியுங்கள். உள்ளே எரியும் விளக்கு வெளியே மிதப்பதுபோலத் தெரியும்; சாலையும் தெரியும். பிம்பம் தோன்றுவது கண்ணாடியின் மேல் அல்ல, அதற்கு அப்பால். ஸ்மார்ட் கண்ணாடியிலும் நடப்பது இதுதான்.

சட்டத்தின் ஓரத்தில் மிகச் சிறிய புரொஜெக்டர் இருக்கிறது. அதன் ஒளிக்கதிர்களை லென்ஸ்கள், தொலைவிலிருந்து வருபவைபோல ஏறக்குறைய இணையாக்குகின்றன. அவை கண்ணாடிக்குள் சாய்வாக நுழைந்து, இரு பரப்புகளுக்கும் இடையே மாறிமாறிப் பிரதிபலித்து நகர்கின்றன. பல கண்ணாடிகளில், கண்ணுக்கு நேரே பொறிக்கப்பட்ட நுண்கோடுகள் அவற்றைக் கண்ணுக்குள் திருப்புகின்றன. எழுத்து சில அடி தள்ளி நிற்பதாகத் தோன்றுகிறது.

இதனால் என்ன பயன்? எதிரே இருப்பவர் பேசுவதைக் காது கேளாதவர் அவர் முகத்தைப் பார்த்தபடியே எழுத்தாகப் படிக்கலாம்.

2013-ல் கூகுள் கிளாஸ் என்ற ஸ்மார்ட் கண்ணாடி வந்தபோது, தம்மைப் படம்பிடிக்குமோ என்று அதிலிருந்த கேமரா பலருக்கு உறுத்தியது. 2025-ல் மெட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த திரையுள்ள கண்ணாடியின் எடை சுமார் 69 கிராம். எடையும் சூடும் குறைந்து, பேட்டரி நாள் முழுக்க உழைத்து, படம்பிடிக்கப்படுவோரின் உரிமையும் காக்கப்பட்டால், இது அன்றாடப் பொருளாகிவிடும்.