“பிறந்ததே குற்றமா?”
கள்ளர் மக்களுக்காகப் போராடிய மதுரை வக்கீல் “ரோசாப்பூ துரை”

பொழுது சாய்ந்தால் போதும். உசிலம்பட்டி வட்டாரத்து ஆண்பிள்ளைகள் காட்டு வேலையை முடித்துவிட்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். பெயரைக் கொடுத்துவிட்டு ராத்திரி அங்கேயே படுத்து எழவேண்டும்.

திருடினார்களா? இல்லை. வழக்கு உண்டா? அதுவும் இல்லை. பிறந்த சாதியே குற்றம்!

வெள்ளைக்காரன் 1911-ல் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் செய்த கோலம் இது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் “ரேகைச் சட்டம்”. இந்த மக்களுக்காகக் கோர்ட்டு ஏறியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

லண்டனில் படித்தவர்

சொந்த ஊர் கேரளாவில் உள்ள செங்கன்னூர். பிறந்தது 1887-ல். எடின்பரோவில் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. 1909-ல் நாடு திரும்பியவர், பிறகு மதுரையில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

மேல வெளி வீதியில் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசியதற்காக டாக்டர் வரதராஜுலு நாயுடு 1918-ல் கைதானார். அவருக்காக வாதாட வந்தவர் ராஜாஜி. பக்கத்தில் நின்று உதவியவர் ஜோசப்.

சாட்சி தேவை இல்லை!

குற்றவாளிக் கூண்டில் நிற்பவனின் வக்கீலுக்கு ஆயுதம் ஒன்றே ஒன்றுதான், குறுக்கு விசாரணை. “எத்தனை மணிக்குப் பார்த்தாய்? இருட்டில் ஆளை எப்படி அடையாளம் கண்டாய்?” என்று கேட்டுக் கேட்டே சாட்சியைத் தடுமாற வைப்பார்கள். போலீஸ்காரர் சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும் என்பதுதான் கோர்ட்டு.

ரேகைச் சட்டத்தில் அந்த ஆயுதம் எடுபடவில்லை. ஒரு சாதியைக் “குற்றப் பரம்பரை” என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பு செல்லாது என்று கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. அப்படிச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். திருடப் போகிற நிலையில் நின்றான் என்று கோர்ட்டு கருதினாலே 3 ஆண்டு வரை ஜெயில். சில குற்றங்களில் 3-வது முறை தண்டனை பெற்றால் ஆயுளுக்கும் நாடு கடத்தல்!

சாட்சியே இல்லாத வழக்கில் வக்கீல் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது? ஜோசப் சட்டத்தையே கூண்டில் ஏற்றினார். கள்ளர் மக்களின் வழக்குகளில் ஆஜரானார். கோர்ட்டுக்கு வெளியே அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார்.

16 பேர் பலி

1920 ஏப்ரல் 3-ந் தேதி. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர். “எங்கள் ரேகையைத் தரமாட்டோம்” என்று ஊரே திரண்டு நின்றது. போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்து விழுந்தார்கள். அவர்கள் நினைவாக அந்த ஊரில் தூண் நிற்கிறது.

கிராமத்து ஜனங்கள் வாயில் “ஜோசப்பு” என்பது “ரோசாப்பூ” ஆனது. கோட்டில் ரோஜாப்பூ குத்தி வந்ததால் வந்த பெயர் என்பாரும் உண்டு. எப்படியோ, அவர் “ரோசாப்பூ துரை” ஆனார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள்.

காமராஜர் வழக்கு

காந்தி ஒத்துழையாமைக்கு அழைத்தபோது, நல்ல வரும்படி தந்த வக்கீல் தொழிலை ஜோசப் உதறினார். ஜெயிலுக்குப் போனார். 1924-ல் வைக்கம் போராட்டத்திலும் கைதானார். பிறகு மறுபடியும் மதுரைக்கு வந்து கறுப்புக் கோட்டைப் போட்டார்.

1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் ஒரு வாலிபரைப் போலீசார் சேர்த்தார்கள். அவர்தான் காமராஜர்! அவருக்காக ஜோசப் நின்றார். 1918-ல் கூண்டில் நின்ற அதே வரதராஜுலு நாயுடுவும் துணைக்கு வந்தார். இது சாட்சி உள்ள வழக்கு. வக்கீலின் ஆயுதம் இங்கே எடுபட்டது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. காமராஜர் வெளியே வந்தார். 21 ஆண்டு கழித்து முதல்-அமைச்சர் ஆனார்.

தீர்ப்பைப் பார்க்கவில்லை

1938 மார்ச் 5-ந் தேதி மதுரையில் ஜோசப் காலமானார். வயது 50. ரேகைச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. முத்துராமலிங்கத் தேவர் உள்பட பலர் போராடிய பிறகு, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆனது.

1947-ல்தான், “ராத்திரி வீட்டில் படுத்தான்” என்பது உசிலம்பட்டிக்காரருக்குக் குற்றம் இல்லை என்று ஆனது.

யானைக்கல் பக்கம் போகிறவர்கள் ஜோசப்பின் சிலையைப் பார்த்திருக்கலாம். கள்ளர் சமூகத்தார் வந்து மாலை போடுகிறார்கள். வக்கீல் பீஸ் பாக்கியை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!