மிச்ச இடத்தில் எழுதிய நாலு வரி

2009-ஆம் வருஷம். என் மாமியார் காலமாகி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்து வீட்டில் நானும் என் ஓரகத்தியும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தோம்.

பெட்டியில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? நாலு நூல் புடவை, ஒரு குங்குமச் சிமிழ், பாங்க் பாஸ் புத்தகம். அதற்கும் அடியில், பழைய ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தபால் கார்டு. பதினைந்து காசுக் கார்டு. ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்தது.

எடுத்துப் பார்த்தால்... என் கையெழுத்து!

"நீங்க எழுதினதுதான் அக்கா" என்றாள் ஓரகத்தி. "நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளா, மாசத்துக்கு ஒரு தடவையாவது இதை எடுத்துட்டு வந்து, 'கொஞ்சம் படிச்சுக் காட்டேன்'னு நிப்பாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அவங்களுக்கும்தான். ஆனாலும் கார்டைப் பார்த்துப் படிச்சாத்தான் அவங்களுக்குத் திருப்தி!"

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அப்படி என்னதான் எழுதிவிட்டேன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

1984-இல் எனக்குத் தலைப்பிரசவம். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் மாமியார்தான் சென்னைக்கு வந்து நாற்பது நாள் எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அந்த நாற்பது நாளும் என் கண்ணில் பட்டதெல்லாம் குறைதான். 'இதைச் சாப்பிடாதே, அங்கே உட்காராதே, காற்றில் நிற்காதே' என்று சதா ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறாரே என்று உள்ளுக்குள் புழுங்கினேன். அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, உண்மையைச் சொன்னால், 'அப்பாடா!' என்றுதான் இருந்தது.

ஆனால் அவர் அரிசியில் கல் பொறுக்கப் போட்டுக்கொள்ளும் கண்ணாடியின் கூட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைத் தெரிவிக்கத்தான் கார்டு எடுத்தேன். இரண்டு வரியில் விஷயம் முடிந்துவிட்டது. மிச்ச இடத்தை வெறுமனே விடுவானேன் என்று மேலும் நாலு வரி எழுதினேன்.

'என் காலில் போட்டுக் குளிப்பாட்டினால் குழந்தை வீல் வீலென்று கத்துகிறான். உங்கள் காலில் எவ்வளவு சாதுவாகப் படுத்திருந்தான்! ராத்திரியெல்லாம் நீங்கள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தியதால்தான் நான் தூங்கியிருக்கிறேன். அது இப்போதுதான் தெரிகிறது, அத்தை.'

அவ்வளவுதான். 'நன்றி' என்ற வார்த்தைகூட அதில் இல்லை. அந்த நாலு வரியை இருபத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு உறுத்துவது என்ன தெரியுமா? அந்த இருபத்தைந்து வருஷத்தில் நான் அவருக்கு அப்படி எழுதியது அந்த ஒன்றே ஒன்றுதான். அதுவும் கார்டில் இடம் மிச்சமிருந்ததால்!

நமக்குள்ளே என்ன நன்றி?

வள்ளுவர் 'செய்ந்நன்றியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்துப் பத்துக் குறள் பாடியிருக்கிறார். நாம் நன்றி கெட்டவர்கள் அல்ல. ஆனால் வீட்டு மனிதர்களிடம் வாய்விட்டுச் சொல்ல நமக்கு வராது. நாத்தனாரிடம் "தேங்க்ஸ்" என்று சொல்லித்தான் பாருங்களேன். "என்ன அண்ணி, மூணாம் மனுஷி மாதிரி!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்குள் அந்தச் சொல் கணக்குத் தீர்த்துவிட்டது போல் ஒலிக்கிறது. அதனால்தான் நம் பாட்டிமார்கள் நன்றி என்று சொல்லாமல், "நல்லா இரு", "உனக்குப் புண்ணியமா போச்சு" என்றார்கள்.

அந்தச் சொல் வேண்டாம், விட்டுவிடுங்கள். அவர் செய்த காரியத்தையே திருப்பிச் சொல்லுங்கள். 'நீ இதைச் செய்தாய். நான் அதைக் கவனித்தேன். அதனால் எனக்கு இன்னது நடந்தது.' இதைவிடப் பெரிய நன்றி ஏது? நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதைத் தாளில் சொல்லிவிடலாம்.

"போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? வாட்ஸ்அப்பில் கைகூப்புகிற பொம்மை இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். சொல்லுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் போனில் சொன்னது காற்றோடு போய்விடும். வாட்ஸ்அப் செய்தி, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அமுங்கிவிடும். கையால் எழுதிய கார்டு மட்டும்தான் தகரப் பெட்டிக்குள் போய் உட்காரும்.

எழுதுகிறவருக்கும் நல்லது

நன்றி எழுதுவதால் வாங்குகிறவருக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு மனநூல் அறிஞர்கள் 2003-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சில மாணவர்களை, வாரம் ஒருமுறை, நன்றி பாராட்ட வேண்டிய விஷயங்களாக ஐந்துவரை எழுதி வைக்கச் சொன்னார்கள். வேறு சிலரைத் தொல்லை தந்த விஷயங்களை எழுதச் சொன்னார்கள். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு தெரிகிறது என்றார்கள். உடல் உபாதைகளும் குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள்.

2016-இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், மனநல ஆலோசனைக்கு வந்த சுமார் 300 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கடிதத்தை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. பலர் அனுப்பவும் இல்லை. ஆனாலும் பன்னிரண்டு வாரம் கழித்து, எழுதியவர்களின் மனநிலை மற்றவர்களைவிட மேலாக இருந்தது.

2018-இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர் கண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், 'படிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்குமோ' என்று தேவைக்கு மேல் தயங்குகிறார்களாம். படிக்கிறவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்களாம். நானும் அப்படித்தானே நினைத்தேன்? நாலு வரியில் என்ன இருக்கிறது என்று!

எப்படி எழுதலாம்?

இதற்குப் பெரிய தமிழ்ப் புலமை வேண்டாம். மூன்று விஷயம் இருந்தால் போதும்.

ஒன்று, அவர் செய்த ஒரே ஒரு காரியம். 'நீங்கள் செய்த எல்லா உதவிக்கும்' என்று மொத்தமாக எழுதினால் மனசில் ஒட்டாது.

இரண்டு, அதற்காக அவர் பட்ட சிரமம். 'முட்டி வலியோடு மாடிப்படி ஏறி வந்தீர்களே' என்று எழுதினால், நாம் கவனித்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று, அதனால் விளைந்த பலன். தங்கைக்கு இப்படி எழுதலாம்: 'நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு மாதம் வந்தது. ஜுரத்தில் வாய் கசந்து கிடந்த உன் அத்திம்பேர், அதைத் தொட்டுக்கொண்டுதான் நாலு வாய் கஞ்சி குடித்தார்.' யாராவது பணமாகக் கொடுத்திருந்தால், அதில் என்ன வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

நன்றிக் கடிதத்தில் இன்னொரு வேண்டுகோளைச் சேர்க்காதீர்கள். 'அப்படியே அந்த இட்லிப் பானையையும் அனுப்பி வை' என்று எழுதினால், பானைதான் அவர் நினைவில் நிற்கும்! எழுதத் தாமதமாகிவிட்டதென்று பாதிக் கடிதத்தை மன்னிப்பிலேயே செலவழிக்கவும் வேண்டாம். 'ரொம்ப நாளாக எழுத நினைத்தேன்' என்று ஒரு வரி போதும்.

யாருக்கெல்லாம்?

தூரத்து மனிதர்களுக்குத்தான் கடிதம் என்று சட்டமா என்ன? உங்கள் குழந்தைக்கு முதல் எழுத்து சொல்லிக் கொடுத்த டீச்சர், அழுத பிள்ளைக்கு வேடிக்கை காட்டித் தடுப்பூசி போட்ட நர்ஸ், மழையில் தான் நனைந்து பிள்ளைகளை நனையாமல் கொண்டுவந்து சேர்த்த ஆட்டோக்காரர்... இவர்களில் எத்தனை பேருக்கு ஒரு வரியாவது எழுத்தில் வந்திருக்கும்? 'அவருக்கு அது வேலை, சம்பளம் வாங்குகிறார்' என்று சொல்லிவிடாதீர்கள். சம்பளம் வேலைக்கு. அந்த வேடிக்கை காட்டியதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

படிக்கத் தெரியாதவராயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு உதவும் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தால், அவர் பிள்ளைகள் வாசித்துக் காட்டும்போது அந்த வீட்டில் அவர் மதிப்பு ஒரு படி ஏறும்.

கணவரை மறந்துவிட்டீர்களே? சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் ஒரு துண்டுச் சீட்டு வைத்து அனுப்புங்கள். 'ராத்திரி நீங்கள் எழுந்து பால் கலந்தது எனக்குத் தெரியும்' என்று. சாயங்காலம் சீக்கிரம் வருகிறாரா இல்லையா, பாருங்கள்!

குழந்தைகளுக்கும் பழக்கலாம்

பிறந்த நாளுக்கு மாமா சட்டை வாங்கி அனுப்பினால், புதுச் சட்டையைப் போட்ட கையோடு கார்டையும் பேனாவையும் கொடுங்கள். எழுத வராத குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்; அடியில் அது ஒரு பூனை வரையட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை தானே எழுதட்டும். ரகர றகரம் மாறியிருந்தால் சிவப்புப் பேனாவோடு கிளம்பிவிடாதீர்கள். இது பரீட்சை அல்ல. 'நன்றி என்று எழுது' என்று மிரட்டுவதைவிட, 'அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போனாய், அதை மாமாவுக்குச் சொல்லேன்' என்று எடுத்துக் கொடுங்கள். தானாக வரும்.

பழக்கமாக...

நம் நாட்டில் தபால் கார்டு 1879-இல் காலணா விலையில் வந்தது. இன்றும் ஐம்பது காசுதான். இன்லண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். பத்துக் கார்டாக வாங்கி, ஒரு பேனாவோடு சேர்த்து, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். முகவரிகளை, பின்கோடு எண்ணோடு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பேனா தேடி, கார்டு தேடி, முகவரி தேடுவதற்குள்தான் நம் நல்ல எண்ணமெல்லாம் ஆறிப்போகிறது.

வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு கார்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரம் கழுவி, வீடு அடங்கின பிறகு பத்து நிமிஷம் போதும். கைக்குழந்தைக்காரிகளுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்காது, எனக்குத் தெரியும். மாதம் ஒன்று எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வரி குறித்து வையுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. நன்றி பாராட்டுவது வேறு, மனக்குறையை விழுங்கிக்கொண்டிருப்பது வேறு. நாற்பது நாளில் எனக்கு ஏற்பட்ட வருத்தங்களும் நிஜம்தான்; அந்த நாலு வரியும் நிஜம்தான். ஒன்று இன்னொன்றை அழித்துவிடாது. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் மனச்சோர்வும் அழுகையும் விடவில்லையென்றால், கடிதம் எழுதினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அன்றைக்குக் கிராமத்திலிருந்து திரும்பி வரும்போது, அந்தக் கார்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் திடீரென்று ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம், மாதாமாதம், அலுத்துக்கொள்ளாமல் அதை வாசித்துக் காட்டியவள் ஒருத்தி இருக்கிறாளே! அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதும், மடியில் குழந்தை அழும்போதும் மாமியார் கார்டோடு வந்து நின்றிருப்பார். ஒரு நாளாவது 'அப்புறம் பார்க்கலாம், போங்க' என்று அவள் சொல்லியிருந்தால், அந்தக் கார்டு எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஓரகத்திக்கு எழுதினேன். இந்தத் தடவை கண்ணாடிக் கூடு, அது இது எதுவும் இல்லை. கார்டு முழுக்க அவளுக்கே.

ஐந்தாம் நாள் போன் வந்தது. "அக்கா..." என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லே அக்கா. இன்னொரு பிளாஸ்டிக் உறை தேடிக்கிட்டிருக்கேன்."