கைரேகை வைத்தால் ரசீது கேளுங்கள்

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் வங்கி முகவர்கள் நடத்தும் மினி பேங்க் கடைகளில் உதவித்தொகை ஏறும் நாளில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலைக் கூலி எல்லாமே வங்கிக் கணக்கில்தான் ஏறுகின்றன. ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் போடும் திட்டத்தை 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியதும் சண்டிகரும் புதுச்சேரியும்தான். மூடிய ரேஷன் கடைகள் 2024-இல் திறந்து அரிசி வந்தது வேறு கதை. அதற்குள் கிராமத்து வயதானவர்களுக்கும் கணக்கும் ஆதாரும் கட்டாயமாகிவிட்டன.

நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரலை முந்தானையில் துடைத்து மெஷினில் அழுத்துகிறார் ஒரு மூதாட்டி. ஏற்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். “சர்வர் போயிடுச்சு ஆயா, நாளைக்கு வா” என்கிறார் கடைக்காரர். பணம் கழிந்ததா இல்லையா? பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்தால்தான் தெரியும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இந்த முறையில் ஓ.டி.பி. கிடையாது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், இவ்வளவுதான் சாவி.

விதிகள் இல்லாமல் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல், தீர்வு முறைகள் சட்டம் பணப் பரிவர்த்தனைக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்திருக்கிறது. கணக்கில் கழிந்த பணம் கைக்கு வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் அது உத்தரவிட்டது. வங்கியின் முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதிதான். கடைகளில் இதை எழுதி மாட்டியிருந்தால், ‘எடுத்துக் கொடுத்ததற்கு இருபது ரூபாய்’ என்று எவரும் கேட்கத் துணிய மாட்டார்.

மோசடிக்கும் விதி உண்டு. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு கிடையாது என்கிறது 2017 ஜூலை சுற்றறிக்கை. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. நல்ல விதி. ஆனால் அந்தத் தகவல் எஸ்.எம்.எஸ். ஆக வருகிறது, பல வீடுகளில் கணக்கோடு இணைத்த எண் மகனுடையது, அவரோ திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார். மூன்று நாள் கணக்கு இங்கேதான் உடைகிறது.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். 2019-இல் பணம் செலுத்தல் சேவைகள் சட்டம் இயற்றி, 2020 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பணம் செலுத்தல் சேவை தரும் நிறுவனங்களை ஒரே சட்டத்தின் கீழ் உரிமம் பெற வைத்தது. 2024 டிசம்பரில் இன்னொரு படி ஏறியது. போலி இணைப்பை அனுப்பிச் செய்யும் சில வகை மோசடிகளில் வங்கி தன் கடமையைத் தவறவிட்டிருந்தால் இழப்பு வங்கியுடையது. வங்கி சரியாக இருந்து தொலைபேசி நிறுவனம் தவறியிருந்தால் அது ஏற்க வேண்டும். இருவரும் சரியாகச் செய்திருந்தால்தான் சுமை வாடிக்கையாளர் தலையில் விழும். யார் முதலில் பதில் சொல்வது என்று வரிசை எழுதிவைத்ததே பெரிய காரியம். கைரேகைப் பரிவர்த்தனைக்கு அப்படியொரு வரிசை நமக்கும் வேண்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்கென்று இந்தோசீனா வங்கி தனி ரூபாய் நோட்டே வெளியிட்டது. இன்று பண விதி எழுதும் அதிகாரம் யூனியன் பிரதேசத்துக்கு இல்லை. ஆனால் விதியைத் தமிழில் பலகையில் எழுதிக் கடைதோறும் மாட்டச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முன்னோடி வங்கியான இந்தியன் வங்கியும், அதன் ஆதரவில் 2008-இல் புதுவை பாரதியார் கிராம வங்கி என்ற பெயரில் பிறந்த கிராம வங்கியும் மனம் வைத்தால் போதும்.

ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் உத்தரவு மினி பேங்க் கடைக்காரர்களைப் பற்றியது. அவர்களைச் சேர்க்கும் வங்கி முதலில் தீர விசாரிக்க வேண்டும், மூன்று மாதம் செயல்படாமல் இருந்தவரை மறுபடி சரிபார்க்க வேண்டும். 2026 ஜனவரி முதல் நடைமுறை.

நாம் செய்ய வேண்டியவையும் சில உண்டு. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். கைரேகை வைக்காத நாளில் ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். 1947-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். பணம் பறிபோனால் உடனே 1930. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்; விவரத்துக்கு 14448. இணையம் தெரியாதவர்கள் தமிழிலேயே கடிதம் எழுதி, சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.